டிபன் பாக்ஸை மூடிடுங்க சார்!

ஆபீஸில் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, இடது கையால் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிற பழக்கம் உங்களுக்கு உண்டா? அப்படியானால் ஒன்று டிபன் பாக்ஸை மூடுங்கள், இல்லாவிட்டால் பத்திரிகையை மூடுங்கள். தயிர்சாதம் முடிந்து கை கழுவிவிட்டு வந்து நிதானமாகப் படித்துக்கொள்ளலாம். இந்த வாரச் சமாசாரம் கொஞ்சம் அப்படிப்பட்டது. குழந்தைகள் போகிற 'ரெண்டுக்கு' பற்றியது!

முகத்தைச் சுளிக்காதீர்கள். அதையே வருஷக்கணக்காக ஆராய்ச்சி பண்ணிய ஒரு டாக்டரம்மாவை லண்டனுக்குக் கூப்பிட்டு, நியூட்டன் உட்கார்ந்த சபையில் இடம் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் என் கதை.

நான் பி.காம். பிளஸ் ஒன்னில் காமர்ஸ் குரூப் எடுத்ததற்குக் காரணம் வணிகவியல் மேல் இருந்த காதல் இல்லை; தவளை மேல் இருந்த பயம். சயின்ஸ் குரூப் போனால் அறுக்கச் சொல்வார்களாம். கணக்குப் புத்தகத்தை அறுத்தால் ரத்தம் வராது என்ற ஒரே தைரியத்தில் டெபிட், கிரெடிட் படித்தேன். இன்றைக்கு நாலு கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு எழுதுகிறேன். மீதி நேரத்தில் உங்களுக்கு எழுதுகிறேன். இரண்டிலுமே பேமென்ட் லேட்டாகத்தான் வருகிறது.

போன மாசம் ஒரு புதன்கிழமை. என் பெண்ணுக்கு ஆறாவது வாரம். நான், மனைவி, அம்மா, குழந்தை, குழந்தையைவிடப் பெரிதாக ஒரு பை... எல்லோரும் ஆட்டோ பிடித்து கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரிக்குத் தடுப்பூசி போடப் போனோம். ஊசிகள் முடிந்தன. குழந்தை ஊரைக் கூட்டியது. நான் சுவரில் இருந்த போஸ்டரை மிகுந்த ஈடுபாட்டுடன் படித்துக்கொண்டிருந்தேன். (என் பயம் தவளையோடு நிற்பதில்லை. ஊசிக்கும் உண்டு.)

சிஸ்டர் குழந்தையின் வாயில் ஏதோ சொட்டு விட்டார்.

"இது எதுக்கும்மா சொட்டு?" என்று அம்மா கேட்டாள்.

"போலியோம்மா" என்றேன், எல்லாம் தெரிந்தவன் மாதிரி.

சிஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "போலியோ சொட்டு அப்பவே போட்டாச்சு சார். இது ரோட்டா. வாந்தி பேதி வராம இருக்கறதுக்கு."

"பேதிக்கா? பேதிக்குக்கூட சொட்டு இருக்கா?" என்றாள் அம்மா.

"இருக்கே பாட்டி. ஆறு, பத்து, பதினாலாவது வாரம். மூணு தடவை. மறக்காம தூக்கிட்டு வாங்க."

திரும்பி வரும்போது ஆட்டோவில் அம்மா ஒன்றும் பேசவில்லை. வழக்கமாக மீட்டர் போடாத ஆட்டோக்காரரிடம் இறங்கும்வரை நியாயம் பேசுகிறவள். அன்றைக்கு அவர் கேட்டதைக் கொடுத்தோம். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ராத்திரி குழந்தையைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டே சொன்னாள்:

"உனக்கு முன்னாடி பாபு இருந்தான் இல்ல... அவனுக்கு இதுதான்டா வந்துச்சு."

* * *

பாபு என் அண்ணன். நான் பார்த்ததில்லை. அவனுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. அம்மாவின் பிஸ்கட் டின்னில் ஒரு வெள்ளி அரைஞாண் கொடி இருக்கும், அது அவனுடையது. அதையேதான் பிறகு நானும் கட்டிக்கொண்டிருந்தேனாம். எனக்கு அவனைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். "பாபு ஒன்பது மாசத்துல தவறிட்டான்" என்பதற்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் பேசமாட்டார்கள்.

அன்றைக்குத்தான் மீதியைச் சொன்னாள்.

1987 ஜனவரி. குடியாத்தம் பக்கத்தில் எங்கள் கிராமம். பொங்கல் முடிந்து நாலாம் நாள். முதலில் வாந்தி, அப்புறம் தண்ணி தண்ணியாக வயித்தால. பல்லு முளைக்குது, அதான் என்றார்கள். மாந்தம் என்றார்கள். தாய்ப்பால் சேரவில்லை, இவள் வேர்க்கடலையைத் தின்னுட்டா என்றார்கள். இவள் கை சுத்தம் போதாது என்றும் ஒருத்தி சொன்னாளாம். எங்கள் ஆயா, அதாவது அப்பாவைப் பெற்றவள், கண்டிஷனாகச் சொல்லிவிட்டாள்: "தண்ணி குடுக்காத. குடுத்தா இன்னும் போகும்."

"அவன் சொம்பையே பாத்துக்கிட்டு இருந்தான்டா. நான் சொம்பை எடுத்துக்கிட்டுப் போய் அடுப்படியில மறைச்சு வெச்சேன்."

தொட்டில் ஆட்டுவது நின்றுவிட்டது. குழந்தை சிணுங்கியது. மறுபடி ஆட்ட ஆரம்பித்தாள். அம்மாவுக்கு அப்போது இருபத்தொரு வயது.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கணக்கு எழுதுகிறவனிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. டேலி ஆகாவிட்டால் தூக்கம் வராது. ஃபோனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். 'ரோட்டா' என்று அடித்தேன். ஃபோன் தானாகவே முன்னால் ஒரு 'ப' சேர்த்து, பக்கத்துத் தெரு பரோட்டாக் கடையைக் காட்டியது. அதையும் தாண்டிப் படித்ததுதான் இனி வருவதெல்லாம்.

* * *

ரோட்டா என்றால் லத்தீனில் சக்கரம். 1973 வரைக்கும், உலகம் முழுக்கக் குழந்தைகளுக்கு வாந்தி பேதி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பெரும்பாலும் காரணமே பிடிபடாது. அந்த வருஷம் ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் ராயல் சில்ட்ரன்ஸ் ஆஸ்பத்திரியில் ரூத் பிஷப் என்ற நுண்ணுயிரியல் அம்மையாரும் அவருடைய கூட்டாளிகளும், நோய் வந்த குழந்தைகளின் சிறுகுடலிலிருந்து துளியூண்டு சதை எடுத்து எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். உள்ளே குட்டிக் குட்டியாக வைரஸ்கள். பார்க்க மாட்டுவண்டிச் சக்கரம் மாதிரி இருந்ததால் அடுத்த வருஷம் இங்கிலாந்தில் ஒரு விஞ்ஞானி 'ரோட்டா வைரஸ்' என்று பெயர் வைத்தார்.

இந்தச் சக்கரம் ஏழை வீடு, பணக்கார வீடு என்று பார்ப்பதில்லை. தடுப்பு மருந்து வருவதற்கு முன்னால், உலகத்தில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் ஐந்து வயசுக்குள் ஒரு தடவையாவது வந்து போயிருக்கிறது. பைப்பைத் திறந்தால் சுத்தமான தண்ணீர் கொட்டுகிற நாடுகளிலும்தான். என்ன வித்தியாசம்? அங்கே வந்தால் ஆஸ்பத்திரி. இங்கே வந்தால் சுடுகாடு.

சரி, நம்ம டாக்டரம்மாவுக்கு வருவோம். பெயர் ககன்தீப் காங். 1962-ல் சிம்லாவில் பிறந்தவர். அப்பா ரயில்வேயில் இன்ஜினீயர். ரயில்வே என்றால் தெரியுமே... டிரான்ஸ்ஃபர் மேல் டிரான்ஸ்ஃபர், ஸ்கூல் மேல் ஸ்கூல். ரயில்வேக்காரர் மகள் கடைசியில் ஆயுசு முழுக்க ஆராய்ச்சி செய்ததும் ஒரு சக்கரத்தைத்தான்!

பஞ்சாபிக் குடும்பத்துப் பெண் மருத்துவம் படிக்க வந்த இடம் நம்ம வேலூர் சி.எம்.சி. 1987-ல் எம்.பி.பி.எஸ். முடித்தார். அந்த வருஷத்தைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. அதே 1987. அப்போது குடியாத்தமும் வேலூரும் ஒரே வட ஆற்காடு ஜில்லா. பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்.

டாக்டர் பட்டம் வாங்கியாகிவிட்டது. அடுத்து என்ன? நம் ஊர் வழக்கப்படி போர்டு மாட்ட வேண்டும். வாசலில் முப்பது ஜோடி செருப்பு கிடக்க வேண்டும். இவர் எடுத்தது எம்.டி. மைக்ரோபயாலஜி. 1991-ல் முடித்தார். மைக்ரோபயாலஜி டாக்டரிடம் பேஷன்ட் வரமாட்டார். பேஷன்ட்டுடைய சாம்பிள்தான் வரும். அது "டாக்டர், நீங்க தெய்வம்" என்று கையெடுத்துக் கும்பிடாது. தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸும் கொண்டுவராது.

பெண் பார்க்கப் போன இடத்தில் "பொண்ணு என்ன பண்ணுது?" என்று கேட்டு, "குழந்தைங்க மலத்தை ஆராய்ச்சி பண்ணுது" என்று பதில் வந்தால், பஜ்ஜி தட்டு அப்படியே நின்றுவிடாதா? அப்படிப்பட்ட துறையில்தான் இவர் போய் உட்கார்ந்தார். 1998-ல் பிஎச்.டி. பிறகு அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில், ரோட்டா வைரஸில் பெரிய கை என்று பெயரெடுத்த மேரி எஸ்டெஸிடம் கொஞ்ச காலம் வேலை. அதற்கப்புறம்? கிரீன் கார்டு, ரெண்டு கார் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். வேலூர் வெயிலுக்கே திரும்பி வந்துவிட்டார்.

* * *

2002-ல் அவருடைய குழு ஒரு காரியம் ஆரம்பித்தது. வேலூரில் சின்னஅல்லாபுரம், ராமநாயக்கன்பாளையம், கஸ்பா என்று நெருக்கமான பகுதிகள். பீடி சுற்றுகிற குடும்பங்கள் நிறைய. அங்கே பிறந்த 452 குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டார்கள். பிறந்ததிலிருந்து மூணு வயசு வரைக்கும் விடாமல் பின்தொடர்வது என்று திட்டம்.

வாரத்துக்கு ரெண்டு தடவை வீடு தேடி ஆள் வரும். எனக்குத் தெரிந்து அவ்வளவு சின்சியராக வீடு தேடி வருகிறவர்கள் வட்டிக்காரர்கள் மட்டும்தான்! இவர்கள் வந்து, "குழந்தை எப்படி இருக்கு? வாந்தி உண்டா? வயித்தால போச்சா?" என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை மல சாம்பிள், குழந்தை நல்லா இருந்தாலும் சரி. பேதி வந்துவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் சாம்பிள்.

நான் கணக்கன் ஆச்சே... கால்குலேட்டரை எடுத்தேன். கடைசி வரைக்கும் கூடவே வந்த குழந்தைகள் 373. ரெண்டு வாரத்துக்கு ஒன்று என்றால் மூணு வருஷத்துக்கு ஒரு குழந்தைக்கு 78. பெருக்கினால் 29,094 டப்பா! பேதி நாள் டப்பாக்கள் தனி. ஒவ்வொன்றிலும் பெயர், தேதி, நம்பர். ஒரு லேபிள் மாறினால் மொத்தக் கணக்கும் காலி. நான் மூணு கடை பில்லுக்கே திண்டாடுகிறேன்.

வேலைக்குப் போனோம், பெரிசாக ஒன்று கண்டுபிடித்தோம், மறுநாள் பேப்பரில் போட்டோ என்பதெல்லாம் சினிமாவில். இங்கே 2002-ல் ஆரம்பித்த வேலையின் முக்கியமான முடிவு வெளியானது 2011-ல். ஒன்பது வருஷம்! நமக்கு ஏப்ரலில் போட வேண்டிய இன்கிரிமென்ட் ஜூன் வரை தள்ளிப்போனாலே ராஜினாமா லெட்டர் டைப் பண்ணுகிறோம்.

முடிவு என்ன சொன்னது? அதற்கு முன்னால் மெக்சிகோவில் இதே மாதிரி ஓர் ஆராய்ச்சி நடந்திருந்தது. அங்கே ரெண்டு தடவை ரோட்டா வந்துபோன குழந்தைக்கு, அதற்குப் பிறகு கடுமையான பேதி வரவே இல்லை. உடம்பு பாடம் கற்றுக்கொண்டுவிட்டது. வேலூரிலும் அப்படித்தான் இருக்கும் என்று பார்த்தால்... ம்ஹூம். மூணு தடவை வந்த பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். ஆறு மாசம் முடிவதற்குள்ளேயே பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு வைரஸ் ஒருமுறையாவது வந்து போய்விட்டது. திரும்பத் திரும்ப வேறு வந்தது.

இதில் என்ன கஷ்டம் என்றால், வாய்வழித் தடுப்பு மருந்து என்பதே ஒரு பலவீனமான வைரஸைக் கொடுத்து உடம்புக்குப் பாடம் எடுப்பதுதான். நிஜ வைரஸே மூணு கிளாஸ் எடுத்தும் நம்ம குழந்தைகளின் குடல் முழுசாகக் கற்றுக்கொள்ளவில்லை என்றால், மருந்து மட்டும் வெளிநாட்டில் மாதிரி இங்கே வேலை செய்யுமா? செய்யாது. அதனால் வெளிநாட்டு ரிசல்ட்டைப் பார்த்து இங்கே திட்டம் போடக் கூடாது. நம்ம குழந்தைகளிடமே சோதித்துப் பார்க்க வேண்டும். அந்த உண்மையைச் சொல்ல 29,000 டப்பா தேவைப்பட்டது.

* * *

தடுப்பு மருந்தை இந்த அம்மையார் ஒருவரே கண்டுபிடித்தார் என்று எழுதினால் கதை சூப்பராக இருக்கும். ஆனால் பொய். நம்ம நாட்டு மருந்து ஆரம்பித்தது டெல்லி எய்ம்ஸில், 1980-களின் நடுவில். அங்கே பிறந்த பச்சைக் குழந்தைகள் சிலரிடம் ரோட்டா வைரஸ் இருந்தது. ஆனால் பேதி இல்லை! அந்தக் குழந்தைகளுக்குப் பிறகும் கடுமையாக வரவில்லை. எம்.கே. பான் என்ற குழந்தை மருத்துவர் இதைக் கவனித்து, அந்தச் சாது வைரஸையே தடுப்பு மருந்தாக்கலாம் என்று பிடித்துக்கொண்டார். 116ஈ என்று அதற்குப் பெயர். ஹைதராபாத்தில் பாரத் பயோடெக் அதிலிருந்து 'ரோட்டாவேக்' தயாரித்தது. விலை ஒரு டோஸ் சுமார் 1 டாலர் என்று சொன்னார்கள்.

அது வேலை செய்கிறதா என்று பார்க்க டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களிலும் மொத்தம் 6,799 குழந்தைகளிடம் சோதனை நடந்தது. வேலூர்ப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டது காங்கின் குழு. 2013-ல் ரிசல்ட் வந்தது. முதல் வருஷத்தில் கடுமையான ரோட்டா பேதியை 56 சதவீதம் தடுக்கிறது.

"56 பர்சென்ட்டா? செகண்ட் கிளாஸ்தானே!" என்று எனக்குத் தோன்றியது. (என் பி.காம். மார்க்கும் கிட்டத்தட்ட அதுதான். வேலை கிடைக்க நாலு வருஷம் ஆயிற்று.) ஆனால் இன்னொரு கணக்கையும் பாருங்கள். மருந்து வருவதற்கு முன் நம் நாட்டில் ரோட்டாவால் வருஷத்துக்குச் சுமார் 78,000 குழந்தைகள் இறந்தன என்று 2014-ல் ஒரு மதிப்பீடு வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்ந்தவை எட்டே முக்கால் லட்சத்துக்குக் கிட்டே. அதில் பாதியைத் தடுத்தால் எத்தனை தொட்டில்! செகண்ட் கிளாஸைக் கேலி பண்ணக் கூடாது சார்.

2016 மார்ச்சில் நாலு மாநிலங்களில் அரசாங்கம் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. 2017-ல் தமிழ்நாட்டுக்கு வந்தது. 2019-க்குள் நாடு முழுக்க.

போட்டாச்சு, வேலை முடிந்தது என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பவும் இல்லை. 1998-ல் அமெரிக்காவில் வந்த முதல் ரோட்டா மருந்தை அடுத்த வருஷமே வாபஸ் வாங்கினார்கள். சில குழந்தைகளுக்குக் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டது என்பதுதான் காரணம். புது மருந்தால் இங்கேயும் அப்படி ஆகிறதா என்று பல மாநில ஆஸ்பத்திரிகளில் உட்கார்ந்து எண்ணினார்கள். அந்த வேலையிலும் காங் இருந்தார். அப்படி அதிகமாகவில்லை என்று 2020-ல் வெளியிட்டார்கள். பேலன்ஸ் ஷீட் போட்டால் மட்டும் போதாது, ஆடிட்டும் பண்ண வேண்டும் என்று எங்கள் வாத்தியார் சொல்வார். இவர்கள் பண்ணியிருக்கிறார்கள்.

2019-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை ஃபெல்லோவாகத் தேர்ந்தெடுத்தது. 1660-ல் தொடங்கிய சபை. இந்தியாவில் வேலை பார்க்கும் பெண்களில் அந்தக் கௌரவம் கிடைத்த முதல் ஆள் இவர்தான். 1918-ல் நம்ம ராமானுஜனுக்குக் கிடைத்த அதே கௌரவம். அவரும் துறைமுகத்தில் அக்கவுன்ட்ஸ் கிளார்க்காக இருந்தவர்தான். (அக்கவுன்ட்ஸ்காரர்களைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்!) நடுவில் 2016-லிருந்து 2020 வரை ஃபரிதாபாத்தில் ஓர் அரசு ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தலைவராக இருந்துவிட்டு, மறுபடி வேலூருக்கே திரும்பினார். 2023-ல் கேட்ஸ் அறக்கட்டளைக்குப் போனார். அங்கேயும் பொறுப்பு குடல் நோய்கள்தான். ஆளை மாற்றினாலும் டிபார்ட்மென்ட்டை மாற்ற முடியவில்லை!

* * *

இங்கே நிறுத்தியிருந்தால் எனக்கு நிம்மதி. இன்னொரு விஷயமும் படித்துத் தொலைத்தேனே.

வாந்தி பேதியில் குழந்தையைக் கொல்வது பெரும்பாலும் வைரஸ் இல்லை. உடம்பில் தண்ணீர் வற்றிப்போவதுதான் கொல்கிறது. அதற்கு மருந்து ஓ.ஆர்.எஸ்., அதாவது உப்பு - சர்க்கரைக் கரைசல். வெறும் உப்புத் தண்ணீரைக் குடல் சரியாக உறிஞ்சாது. சர்க்கரை கூட இருந்தால்தான் உறிஞ்சும். நம்ம ஆபீஸ் மாதிரிதான். உப்பு தனியாகப் போனால் செக்யூரிட்டி கேட்டிலேயே நிறுத்திவிடுவார். சர்க்கரை கையைப் பிடித்துக்கொண்டு போனால் "வாங்க சார்!" ரெண்டும் உள்ளே போனதும் தண்ணீர் பின்னாலேயே போய்விடும். ரோட்டா வந்து குடலைப் பாதி நாசமாக்கினாலும், மீதி இருக்கிற செல்கள் இந்த வேலையைச் செய்யும்.

1971-ல் வங்கதேசப் போரின்போது, அகதிகள் முகாமில் காலரா. நரம்பில் ஏற்றுகிற சலைன் தீர்ந்துபோன நிலையில், திலீப் மஹலானாபிஸ் என்ற டாக்டர் டிரம்மில் இந்தக் கரைசலைக் கலந்து, குழந்தைகளுக்கு வீட்டுக்காரர்களையே புகட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது என்று இருந்த சாவு நாலுக்கும் கீழே வந்தது.

1971. பாபு போனது 1987. பதினாறு வருஷம் கழித்து.

தண்ணீர் கொடுத்திருந்தால்..?

பாபுவுக்கு வந்தது ரோட்டாதானா என்று இன்றைக்கு எந்த மைக்ராஸ்கோப்பும் சொல்ல முடியாது. ஆனால் சொம்பை மறைத்தது சரியில்லை என்பது மட்டும் இப்போது எனக்குத் தெரியும். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? நான் எழுதுவதையெல்லாம் அனுப்புவதற்கு முன்னால் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவது வழக்கம். கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவளால் சின்ன எழுத்து படிக்க முடியாது. என் முதல் வாசகி, முதல் சென்சார் எல்லாம் அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படித்தேன். டிபன் பாக்ஸுக்குச் சிரித்தாள். 29,094 டப்பாவுக்கு "அடப் பாவமே, பாவம் அந்தப் பொண்ணுங்க" என்றாள். ரோட்டா யார் வீட்டையும் பார்த்து வருவதில்லை, பைப்பு தண்ணீர் வீட்டுக்கும் வரும் என்ற இடத்தை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். கை சுத்தம் போதாது என்று அன்றைக்கு ஒருத்தி சொன்னாளே, அது எத்தனை வருஷமாக உள்ளே இருந்ததோ!

ராயல் சொசைட்டி வந்தது. கேட்ஸ் வந்தது. ஓ.ஆர்.எஸ். வந்தது. அதை அப்படியே தாண்டி, "அவ்வளவுதாம்மா" என்றேன்.

அம்மா என்னையே பார்த்தாள்.

"நடுவுல ஏதோ விட்டுட்ட."

"ஒண்ணும் இல்லம்மா."

"பேப்பர் கீழ இன்னும் ரெண்டு ஷீட் இருக்கு. எனக்குக் கண்ணுதான்டா மங்கல்."

வேறு வழியில்லாமல் படித்தேன். சர்க்கரை, உப்பு, செக்யூரிட்டி, 1971 எல்லாவற்றையும். கடைசி வரி வந்ததும் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அம்மா கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"இது எனக்கு 1990-லயே தெரியும்டா" என்றாள்.

"..."

"உனக்கும் அப்படித்தான் ஆச்சு. எட்டு மாசத்துல. மறுபடி வாந்தி, மறுபடி வயித்தால. கண்ணு உள்ள போயிடுச்சு. அப்ப நர்ஸம்மா வீடு வீடா வருவாங்க. பாக்கெட் ஒண்ணு குடுத்து, ஒரு லிட்டர் கொதிக்க வெச்சு ஆறின தண்ணியில கலந்து ஸ்பூன் ஸ்பூனா குடு, வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டு மறுபடி குடு, பாலையும் நிறுத்தாதேன்னாங்க. ஆயா பகல்ல விடமாட்டாங்க. அவங்க படுத்தப்புறம் அடுப்படியில உக்காந்து ராத்திரி பூரா உனக்கு ஸ்பூன்ல குடுத்தேன். விடியக்காலைல நீ ஒண்ணுக்குப் போன பாரு... அப்பதான் எனக்கு உசிரு வந்துச்சு. அப்பவே தெரிஞ்சுபோச்சு, பாபு எதனால போனான்னு."

எனக்கு வாயடைத்துவிட்டது. முப்பத்தைந்து வருஷமாக நான் உட்கார்ந்து சாப்பிடுகிற, சண்டை போடுகிற, கணக்கு எழுதுகிற இந்த உடம்பு அந்த ஒரு ராத்திரியின் வரவு. அம்மா ஒரே ராத்திரியில் ஒரு பிள்ளையைக் காப்பாற்றி, இன்னொரு பிள்ளை ஏன் போனது என்பதையும் தெரிந்துகொண்டிருக்கிறாள். அதைப் போய் யாரிடமும் சொல்லவில்லை.

"ஆயாவுக்குத் தெரியுமா?"

"தூங்கற மாதிரி படுத்திருந்தாங்க. எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க போல. காலைல நான் எழுந்திருக்கறதுக்குள்ள அவங்களே குண்டான்ல தண்ணி காய வெச்சிருந்தாங்க. 'ஆறட்டும், அப்புறம் அந்தப் பொடியைக் கலந்து குடு'ன்னு மட்டும் சொன்னாங்க. அதுக்கப்புறம் சாகற வரைக்கும் பாபு பேரை அவங்களும் எடுக்கல, நானும் எடுக்கல."

கொஞ்ச நேரம் கழித்து, "இதையும் எழுது. தெரியாதவங்க இன்னும் இருப்பாங்க. ஆனா ஆயா பேரை எழுதாத" என்றாள்.

எழுதவில்லை, அம்மா.

* * *

டிபன் பாக்ஸ் நண்பர்களே, உங்களில் பாதிப்பேருக்கு இன்னும் கல்யாணமே ஆகியிருக்காது. பரவாயில்லை, கட் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்குப் பேதி என்றால் தண்ணீரை நிறுத்தாதீர்கள், பாலை நிறுத்தாதீர்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் எழுதியிருக்கிற அளவு தண்ணீரில் முழுசாகக் கலந்து, கலந்ததை ஒரு நாளைக்கு மேல் வைக்காதீர்கள். டாக்டர் ஜிங்க் கொடுத்தால் பேதி நின்றாலும் பதினாலு நாள் முடியுங்கள். குழந்தை துவண்டுபோனால், கண் உள்ளே போனால், ஒண்ணுக்குப் போகாவிட்டால், குடிக்கவே மறுத்தால், பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருக்காமல் ஆட்டோ பிடியுங்கள். மீட்டர் போடாவிட்டாலும் பரவாயில்லை.

நேற்று புதன்கிழமை. பத்தாவது வாரம். நான் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் அம்மா குழந்தைக்குப் புதுச் சட்டை போட்டு, அந்த வெள்ளி அரைஞாண் கொடியையும் கட்டி, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏங்க, அத்தை ஏழு மணிலேருந்து கிளம்பி நிக்கறாங்க. ஆஸ்பத்திரி ஒன்பது மணிக்குத்தானே தெறக்கும்?" என்றாள் மனைவி.

"போய் முதல் ஆளா நிக்கலாம், வாங்க" என்றேன்.

வரிசையில் எங்கள் முறை வந்தது. சிஸ்டர் குழந்தையின் வாயைத் திறந்து சொட்டு விட்டார். அம்மா வாய்க்குள் எண்ணிக்கொண்டாள். பக்கத்தில் முதல் குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண், "பாட்டி, இது எதுக்கு சொட்டு?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டாள்: "இது ரோட்டாம்மா. போலியோ வேற, இது வேற. நம்ம வேலூர்ல ஒரு டாக்டரம்மா..."